முதல் படியில் நின்ற விடுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு வேடிக்கை கேள். எங்கள் ஆபீஸில் விடுப்புக் கேட்கும் செயலியின் விதிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய ஒரு நிரல் தொகுப்பைக் கொண்டு அவற்றைப் படிப்படியாக அடுக்கினேன். ஒரு படியில் தடைபட்டால் விண்ணப்பம் அடுத்த படிக்குப் போகாது. 'உங்கள் வேலையைப் பார்க்க வேறு ஆள் உண்டா?' என்பதை முதல் படியாக வைத்தேன்.

உன் கண் ஆபரேஷனுக்கு வர நேற்று நானே விண்ணப்பித்தேன். என் வேலைக்கு வேறு ஆள் இல்லையென்று, மேலாளரிடம் போகாமலே திரும்பி வந்துவிட்டது.

"உங்க பூட்டுக்கு உங்ககிட்டயே சாவி இல்லையாக்கா?" என்று பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து எழுந்து போனேன். விதியை மாற்ற ஒரு வரி போதும். மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்கு மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவளுக்கே என் வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் தேறுவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிடும்.

சொட்டு மருந்தைத் தம்பி மனைவி போடுவாள் என்றாய். அங்கே என் வேலைக்கு ஆள் இருக்கிறது, நிம்மதிதான். போடும்போதெல்லாம் எனக்குப் போன் செய்யச் சொல். ஆஸ்பத்திரிக்குச் சார்ஜரை எடுத்துப்போக மறக்காதே.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. கடைசி மருந்துப் புட்டியை மட்டும் பிரிக்காமல் வைத்திரு. அதை நான் வந்து போடுகிறேன்.

உன் மகள்