மேகத்தைத் துடைத்த கை

குறிஞ்சிப்பிட்டி,
புதன்கிழமை.

அன்பு மகள் ஸும்றாவுக்கு வாப்பாவின் ஸலாம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஊர்க்கதைக்குப் போகலாம். நிறம் கொடுக்க நீ அனுப்பிய வானப் படத்தில், விண்மீன் திரளுக்குப் பக்கத்தில் இருந்த மேகத்தைக் காணவில்லை என்று போன மாதம் நீ பதறியபோது, கரண்ட் போய்க் கோப்பு கெட்டுவிட்டது என்றேன் அல்லவா? கரண்ட் போகவில்லை. மேகத்தை அழித்தது நான்தான்.

முப்பது வருடம் கல்யாண ஸ்டூடியோ நடத்திய கை, என்ன செய்வது. நீ அனுப்பிய மூன்று படங்களும் கறுப்பு வெள்ளை. தொலைநோக்கிக்கு நிறம் தெரியாது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வடிகண்ணாடி போட்டு எடுக்கும், நிறம் கொடுப்பது நம் வேலை என்று படித்துப் படித்துச் சொன்னாய். எல்லாம் விளங்கியது. ஆனால் ஒட்சிசன் கண்ணாடி போட்டு எடுத்த படத்தில் மட்டும் திரளின் கன்னத்தோரம் மங்கலாக ஒரு திட்டு. மணப்பெண்ணின் கன்னத்தில் பரு இருந்தால் கேட்காமலே எடுத்துவிடுவதுதானே எங்கள் தொழில் மரியாதை. எடுத்துவிட்டேன். பார்க்க அழகாகவும் இருந்தது.

மேகம் எங்க வாப்பா, அதுதானே என்ட மூணு வருஷப் படிப்பு என்று நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. எந்த மாப்பிள்ளை வீட்டாரும் என்னிடம் ஒரு பருவைத் திருப்பிக் கேட்டதில்லை.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள், உன் உம்மா ஜுனைதா. எங்கள் கல்யாணப் படத்தில் அவளுடைய உதட்டுக்குக் கீழே நாடியில் இருந்த மச்சத்தைப் பிலிமிலேயே தூரிகை வைத்து மூடிவிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பொம்புளை ஆரு, இவவத்தான் நீங்க முடிச்சதெண்டா நான் எங்கட வாப்பா ஊட்டுக்குப் போறன் என்றாள். மூன்று நாள் கறியில் உப்பில்லை, அதுவும் உப்பு விளைகிற புத்தளத்தில். அதற்குப் பிறகு என் கமராவுக்கு முன்னால் அவள் நிற்கவே இல்லை. அடையாள அட்டைப் படத்துக்கு ஒருமுறை நின்றாள், அதிலும் பழக்கதோஷத்தில் பிலிமிலேயே கையை வைத்துவிட்டேன். இந்த ஊர்ப் பெண்கள் மற்ற எல்லாருக்கும் அச்சில்தான் திருத்தினேன், அவர்களுடைய மச்சமும் பருவும் ஸ்டூடியோ அலுமாரியில் பழைய பிலிமாகக் கிடக்கின்றன. அவளை அடக்கம் செய்த பிறகு தேடிப் பார்த்தேன், ஜுனைதாவின் மச்சம் மட்டும் எங்கும் இல்லை.

அது போகட்டும். பக்கத்து வீட்டு சாரா உம்மா உன்னை விசாரித்தா. வானத்தப் படிக்கிற புள்ளைக்கி அங்கேயே மாப்பிள பாக்கிறதா என்று கேட்டா. ஓம், பேசியாச்சி, ஆனா மாப்பிள வீட்டார் வந்துசேரப் பத்துக் கோடி வருஷமாகும் என்றேன். கோபத்தில், தினமும் அனுப்பும் கறி ஆணத்தை இரண்டு நாள் அனுப்பவில்லை. என் வாய்க்கு நானே சமைத்துத் தின்ன வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஸ்டூடியோவுக்கு இந்த வாரம் வந்தது ஒரே ஆள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கித் திரியும் வெள்ளைக்காரர், பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். என் மகள் உங்கள் ஜெர்மனியில்தான் படிக்கிறாள் என்று அரை மணி நேரம் பெருமையடித்தேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போகும்போதுதான் சொன்னார், அவர் இத்தாலிக்காரராம்.

நீ திரும்ப அனுப்பிய படங்களில் சொன்னபடியே செய்தேன். மூன்றையும் விண்மீனுக்கு விண்மீன் பொருத்தி, ஐதரசனுக்குச் சிவப்பும் ஒட்சிசனுக்குப் பச்சையும் மிச்சமிருந்ததற்கு நீலமும் கொடுத்து, மங்கிய வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். மேகம் பச்சையாக எழும்பி வந்தது. களப்பில் மீன்பிடி வள்ளம் ஓட்டும் மஸாஹிர் எட்டிப் பார்த்து, களப்புல டீசல் கொட்டின மாதிரி இரிக்கி என்றான். அவனுடைய வள்ளத்தைவிடக் கோடி கோடி மடங்கு பெரிது என்றேன். அப்ப டீசலும் நிறையச் செலவாகுமே என்றான்.

அந்த மேகத்தை ஒளிரவைத்த நடுவிளக்கான விண்மீன் எப்போதோ அணைந்துவிட்டது, அந்தச் சேதி மேகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அதனால்தான் இன்னும் மினுங்குகிறது என்று ஒரு நாள் சொன்னாய். அன்றைக்கு நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. இது காற்றுக்காலம், ஒரே மணல்.

வெள்ளிக்கிழமை படம் பேராசிரியர் கைக்குப் போகவேண்டும் என்று நேற்றும் சொன்னாய். ஓரத்தில் கொஞ்சம் வேலை கிடக்கிறது என்று நானும் நேற்றும் சொன்னேன். முன்பெல்லாம் வெள்ளிக்கு வெள்ளிதான் உன் அழைப்பு. இந்த வேலை தொடங்கி ஐந்து வாரமாக, நான் பின்னேரம் அஸர் தொழுது வரும் நேரத்தில், உன் பகல் சாப்பாட்டு வேளையில், ஒரு நாள் தவறாமல் எடுக்கிறாய். உங்கள் ஆய்வுகூடத்தில் இதை ஒரு பகலில் முடிக்க ஆட்கள் இருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். பிறகு ஏன் வாப்பாவிடம் தந்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவேண்டாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அல்லாஹ் உன் கண்ணுக்கும் கல்விக்கும் பறக்கத் செய்வானாக. வேலை முடிந்தாலும் பகல் சாப்பாட்டு நேரத்துப் பழக்கத்தை விட்டுவிடாதே மகள்.

உன் வாப்பா,
நளீம்

பி.கு.: படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கோப்பின் தேதியை எப்படியும் பார்ப்பாய், நானே சொல்லிவிடுகிறேன். அது முடிந்து பதினெட்டு நாளாகிறது.