கரடிச் சிலையடியில் வெட்டுக்குத்து

நடுவட்டம்
புதன்கிழமை

என் அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை போனில் உன்னிடம் சொன்னது பொய். அந்தப் பையனை வெட்டியது உன் அப்பா இல்லை, நான். போனில் சொன்னால் நீ அழுதே என்னைத் தடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இது கனடா வந்து சேர்வதற்குள் நான் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு அந்த நாட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றினீர்களே, வழியோரத்தில் வீடு உயரச் சோளக்கதிர், ஆள் நுழைகிற செருப்பு, லாரி அளவு உருளைக்கிழங்கு என்று நின்ற சிலைகளைப் போட்டோ போட்டோவாக அனுப்பினாய், அன்றைக்குப் பிடித்தது உன் அப்பாவுக்குப் பித்து. "செருப்பப் பாக்கவே வண்டிய நிறுத்துறாங்கன்னா நம்ம ஊரு கரடியப் பாக்க நிறுத்த மாட்டாங்களா" என்று நம் டீக்கடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டடிக்குச் சிமெண்ட் கரடியை எழுப்பினார், கையில் டீ கிளாஸ். முகம் என்னவோ உன் பெரியப்பா முகமாகத்தான் வந்தது. ஆனாலும் ஊட்டிக்கும் கூடலூருக்கும் போகிற வண்டியெல்லாம் நின்றது, கரடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துவிட்டு டீ குடித்துப் போனார்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே, சிலோனில் உன் தாத்தா தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதற்கு முன்னால் செய்த மாதிரி, கரடியின் காலடியில் ஒரு கல்லை நட்டுக் கவாத்துச் சாமி என்று பொட்டு வைத்து, பக்கத்தில் இரண்டு கவாத்துக் கத்தியைச் சொருகினார். மொட்டைக் கத்தி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று வெள்ளிக்கிழமைதோறும் தீட்டி வைத்தது நான். குடித்துவிட்டு வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் தீட்டிய கத்தி எதற்கு என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. சாமி கத்தியை யார் தொடுவார்கள் என்று இருந்துவிட்டோம்.

ஞாயிறு மத்தியானம் ஒரு வேனில் ஐந்து பேர் வந்தார்கள், வாயைத் திறந்தாலே நாற்றம். ஒருவன் கரடியின் தோளில் ஏறிக் காதைப் பிடித்து ஆட்டினான், காது கையோடு வந்துவிட்டது. "இறங்குங்க தம்பி, உள்ள கம்பி இருக்குதுங்க, குத்திப்போடும்" என்று அப்பா கும்பிட்டுக் கேட்டார். அதற்குள் அஸ்வந்த் என்கிறவன் செருப்புக் காலோடு போய்ச் சாமி கத்தியை உருவிப் போட்டோவுக்கு வீசிக்காட்டினான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார், அவ்வளவுதான். செவிட்டில் அறைந்தார்கள், வயிற்றில் உதைத்தார்கள், விழுந்தவரின் தலைமயிரைப் பிடித்துக் கரடியின் காலில் மோதினார்கள், ஒரு தரம் இல்லை, நான்கு தரம். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. கொதிக்கிற பாலைச் சட்டியோடு தூக்கி வீசினேன், நான்கு பேர் அலறிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். அஸ்வந்த் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்திப் பிடியால் அவர் முகத்தில் குத்திக்கொண்டே இருந்தான். மற்றக் கத்தியை உருவி அவன் கைமேல் ஓங்கிப் போட்டேன். மூன்று விரல் தரையில் விழுந்து துடித்தது. வெட்டியது யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். உன்னிடம் மறைக்க மாட்டேன், இன்னொரு வெட்டுப் போட வேண்டும் என்றுதான் எனக்கு வெறி வந்தது. அப்பா ரத்தம் வழிய எழுந்து என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். வேனுக்கு ஓடினவர்கள் அப்போதுதான் திரும்பிப் போனைத் தூக்கினார்கள், நீ பார்த்த வீடியோ அதுதான். போலீஸ் வந்ததும் "நாந்தானுங்க வெட்டுனேன்" என்று கையை நீட்டினார். ஜீப்பில் ஏறுமுன் என்னிடம், "சுகந்திக்குப் பேறு பாக்க நீ போகணும் மருதாயி, கேசு விழுந்தா விசா குடுக்க மாட்டாங்க, வாயத் தொறக்காத" என்றார். நானும் மூடிக்கொண்டேன். பேரப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற ஆசை என்னை ஊமையாக்கிவிட்டது.

நேற்று அந்தப் பையனின் அம்மா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று விறகுக் கட்டையைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. இரண்டு விரலை ஒட்டவைத்துவிட்டார்களாம், ஒன்று போனது போனதுதானாம். கரடியின் காலடியில் காய்ந்து கிடந்ததைப் பார்த்து, "இதுல எதுங்க எம்பையனோட ரத்தம்?" என்று கேட்டாள். பிறகுதான், "அவன் குடிச்சுப்போட்டு ஆடுனது தப்புத்தானுங்க, ஆனா வெட்டுன கை வெளங்காமப் போகட்டும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள். உன் அப்பாவை நினைத்துத்தான் தூற்றினாள். அவரோ தலையில் ஏழு தையலோடு ஜெயில் தரையில் படுத்திருக்கிறார். வெட்டின கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நான் அவள் எதிரிலேயே நின்றேன்.

நாளைக் காலையில் வக்கீல் பிராங்ளினோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். உன் பேறுகாலத்துக்கு என்னால் வர முடியாது, என்னை மன்னித்துவிடு. இனிமேல் நெடுந்தூரம் கார் ஓட்டாதே. வெறுங்காலோடு தரையில் நடக்காதே. பூண்டுக் குழம்பு வைக்கிற பக்குவத்தைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையைச் செய்யச் சொல், கூச்சப்படாதே. அப்பா வெளியே வந்ததும் என்னைத்தான் திட்டுவார், திட்டட்டும், நீ அவரை வாரம் ஒரு தரமாவது கூப்பிட்டுப் பேசு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. பிள்ளையைக் கையில் கொடுத்ததும் முதலில் விரலைத்தான் எண்ணுவாய். உனக்கு நான் எண்ணினேன், அந்தப் பையனுக்கு அவன் அம்மாவும் எண்ணியிருப்பாள். எண்ணி முடித்ததும் எனக்கு எழுது. ஜெயில் விலாசத்தை அப்பா சொல்வார்.

உன் அம்மா,
ப. மருதாயி