இரண்டு முறை புரட்டிய மேல்தளம்

மார்ச் 3
எங்கள் மூத்த பொறியாளர் தாடி அண்ணா இறந்து ஏழு மாதம். அவருடைய கோப்புகள் இன்று என் கணினிக்கு வந்தன. இரண்டு தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குச் சிப்பின் இரண்டாம் முயற்சி என் தலையில். முதல் முயற்சி ஊற்றிக்கொண்டது. கடைசிக் கையெழுத்து அவருடையது என்பதால் பழியும் அவருக்கே. ராஜினாமா செய்தார். அதற்கு மூன்றாம் மாதம் மாரடைப்பு.

மார்ச் 4
வரைபடத்தின் ஓரமெல்லாம் அவர் குறிப்புகள். 'இங்கே சூடு ஏறும், பார்த்து.' பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறார் மனிதர்.

மார்ச் 9
விற்ற பிறகும் வாங்கியவர் தன் தேவைக்கு மாற்றி எழுதிக்கொள்ளும் சிப் இது. ஆனால் இரு தளங்களையும் இணைக்கும் செப்புத் தூண்களை யாராலும் மாற்ற முடியாது. மேல்தளம் குப்புறக் கவிழ்ந்து உட்காரும். அதனால் அதன் வரைபடத்தை இடவலமாகப் புரட்ட வேண்டும். ஒரே ஒருமுறை. முதல் சிப்பில் தூண்கள் சேரவே இல்லை. தாடி புரட்ட மறந்துவிட்டார் என்பதுதான் இங்கே எல்லார் வாயிலும்.

மார்ச் 10
மறக்கவில்லை. மாற்றப் பதிவேட்டில் இருக்கிறது. வியாழன் காலை புரட்டிவிட்டுத்தான் கையெழுத்திட்டிருக்கிறார். மாலை, கோப்பு சிப் தயாரிக்கும் ஆலைக்குப் போகுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருவர் மறுபடி புரட்டியிருக்கிறார் — புரட்டாததற்குச் சமம்.
அந்த இரண்டாவது பெயர் என்னுடையது.

மார்ச் 11
நான் புரட்டினது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அவர் முன்னாடியே புரட்டினது நிஜமாவே எனக்குத் தெரியாதா? சிப் ஊத்திக்கிட்ட அன்னிக்கே பதிவேட்டைத் திறந்து பாத்திருக்கலாமே. ஏன் பாக்கல? பயம். வேற ஒண்ணுமில்ல.

மார்ச் 13
மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். போனவர் பேரில் இருக்கும் பழி அப்படியே இருக்கட்டும், கிளறினால் உன் வேலைதான் போகும் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். 'சரி சார்' என்று வந்துவிட்டேன். சரி சாராம். வெட்கக்கேடு.

மார்ச் 16
நாற்பதாம் பக்கம்: 'மூலை இணைப்பை ஒருமுறை பாத்துடு, தங்கச்சி.' என்னை அப்படித்தான் கூப்பிடுவார்; எனக்கென்றே எழுதியது. கோப்பை மூடிவிட்டேன்.

மார்ச் 17
பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பினேன். மதியத்துக்குள் சிப் வேலை என்னிடமிருந்து வேறு கைக்குப் போனது.

மார்ச் 21
தாடி அண்ணாவின் வீட்டுக்கு, அண்ணியைப் பார்க்கப் போனேன். அச்செடுத்த பதிவேட்டுப் பக்கத்தை மேசையில் விரித்து, எந்த வரி அவருடையது, எது என்னுடையது என்று காட்டினேன். அழவில்லை, திட்டவில்லை. காகிதம் கிடந்த மேசையைத் தொட்டுக் காட்டினார்.
"வேலைய விட்ட பிறகும் தினமும் இங்கதான் உக்காந்து, எங்க தப்பு விட்டேன்னு வரைஞ்சு வரைஞ்சு தேடுவார்மா," என்றார். "கடைசி வரைக்கும் அவருக்குக் கிடைக்கல."