வீட்டில் இல்லாத ஏணி

அறந்தாங்கி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா செவந்தி எழுதுவது. அப்பா இப்போது சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறார். இந்த வீட்டு நலம் அதுதான். குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தீர்ப்பு வந்ததைப் போனில் சொன்னேன். மற்றதைச் சொல்ல நீ எங்கே விட்டாய்? உன் மாமனார் பேரை எடுத்தாலே, “சிக்னல் இல்லம்மா” என்று வைத்துவிடுகிறாய். அவரே கூப்பிட்டாலும் அதே பதில்தானாம். அவர் பேருக்கு மட்டும் சிக்னல் போகிற ஊர் எது என்று எனக்குத் தெரியாதா? அதனால் குவைத்துக்குத் திரும்புகிற காவ்யா வீட்டுக்காரரிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு முறுக்கைத் தொடு.

சித்தி மகள் சரண்யா கல்யாணத்தன்று குடுமியான்மலையில் நடந்தது உனக்குத் தெரியும். சம்பந்தியை வண்டி வரை போய் வழியனுப்பாவிட்டால் அப்பாவுக்குச் சோறு செரிக்காது. அன்றும் பின்னாடியே போய்ப் பலகாரப் பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்தாகிவிட்டது என்று நினைத்து உன் மாமனார் திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துவிட்டார். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். உங்கப்பா என்னை முந்திக்கொண்டு, “ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்” என்றார். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். டாக்டர் நகர்ந்ததும் நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். “சம்பந்தி மேல கேஸ் குடுத்தா நம்ம புள்ள அந்த வீட்ல எப்புடி நிக்கும்?” என்று கேட்டார். நஷ்ட ஈடு என்றால் சம்பந்தி வயலை விற்றுத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சத்தியமாக எனக்கும் தெரியாது.

அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னதே உன் மாமனார்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அன்றோடு அவரிடம் பேச்சையும் நிறுத்தினாய். நடந்தது அதில்லை.

மறுநாள் பார்க்க வந்த உன் மாமனாரிடம் அப்பா ஏணிக் கதையைப் பெருமையாகச் சொன்னார். உடையப்பன் அண்ணன் சட்டென்று எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், “நாந்தான் பாக்காம வண்டிய எடுத்தேன், எழுதிக்கங்க” என்று சொல்லியிருக்கிறார். கேஸ் வந்தது அப்படித்தான். அதற்கு அபராதமும் கட்டினார். “புள்ளைகளுக்குச் சொல்லிராத தங்கச்சி, சங்கடப்படும்” என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். இத்தனை நாள் காப்பாற்றினேன், இனி முடியாது. சாமி என்னை மன்னிக்கட்டும்.

நஷ்ட ஈட்டுக் கேஸில் இன்சூரன்ஸ் வக்கீல் லேசில் விடவில்லை. சம்பந்திகள் கூடிப் பேசி நாடகம் ஆடுகிறார்கள், விழுந்தது ஏணியிலிருந்துதான் என்று வாதாடினார். ஏணி எவ்வளவு உயரம் என்று அப்பாவிடமே கேட்டார். “எங்க வீட்ல ஏணியே கெடையாதுங்கய்யா” என்றார் அப்பா. கோர்ட்டே சிரித்தது. பிறகு ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். “பொண்ணு குடுத்த வீடுங்கய்யா” என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. உன் மாமனார் கூண்டில் ஏறி, ஸ்டேஷனில் சொன்னதையே மறுபடி சொன்னார். அன்று கல்யாண வாசலில் இருந்த பூக்கடைக்காரம்மாவும் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

தவறு வண்டி எடுத்தவர் மேல், ஈடு கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பாவின் அடுத்த ஆபரேஷனுக்கு நம் வயலும் போகவில்லை, அவர் வயலும் போகவில்லை. கோர்ட் வாசல் டீக்கடையில் நின்று அழுதேன். நிம்மதியில் அழுவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு சம்பந்திகளும் யார் டீக்குக் காசு கொடுப்பது என்று அங்கேயே ஒரு சண்டை போட்டார்கள்.

பஸ் ஏறும்போது அண்ணன் என்னிடம் தனியாக ஒன்று கேட்டார்: “மோகனாவுக்கு இப்பவாச்சும் சிக்னல் கெடைக்குதா தங்கச்சி?”

கிடைக்கும் அண்ணே என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. முதல் போன் எனக்கு வேண்டாம், அவருக்குப் போடு. மாமா என்று கூப்பிட்டால் போதும், மற்றதை அவர் பேசிக்கொள்வார்.

நீங்கள் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும், தாயி.

உன் அம்மா,
செவந்தி