மனோ அக்காவின் இலையில் வைத்த கச்சான்

என் மனோ அக்காவுக்கு, அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாய் ஆத்திரமும் வைத்து எழுதுகிறேன்.

நீங்கள் போய் இன்றைக்கு இருபது நாள். நேற்று மிளகாயைக் கீறி மோரில் ஊறப் போட்டேன். நீங்கள் இருந்திருந்தால் உப்புக் காணாது என்று இன்னொரு பிடி அள்ளிப் போட்டிருப்பீர்கள். மல்லாவியில் வெயில் நெருப்பாய் எரிக்கிறது. நாலு நாள் காய்ந்தால் போதும்.

உங்கள் எட்டுச் செலவில் நடந்த கூத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். செத்தவர் ஆசையாய்த் தின்றதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்கிற நாள்தானே அது? உங்கள் இலையில் என்ன இருந்தது தெரியுமா? மணலில் வறுத்த கச்சான் கடலை ஒரு குவியல். கச்சான் அல்வா. போதாததுக்கு, கச்சான் அரைத்துவிட்ட கத்தரிக்காய்க் குழம்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. செத்த வீட்டில் சிரிக்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

ஒரு கச்சான் பட்டாலே உங்களுக்குச் சொண்டும் வாயும் தடித்து, கழுத்தெல்லாம் சிவந்து போகும். வறுக்கிறபோது கிளம்புகிற தோல் தூசிக்கே தும்முவீர்கள். இருந்தும் முப்பது வருடம் பின்னேரத் தேத்தண்ணியோடு உங்கள் மனுசன் மாஸ்டருக்கு வறுத்துக் கொடுத்தீர்கள். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கொறித்தார். ஊர்ப் பிள்ளைகளின் கொப்பியில் ஒரு குற்றுப் பிழையையும் விடாத மனுசன். தன் மனுசி எதைத் தின்கிறாள் என்று பார்க்க மட்டும் அவருக்குக் கண் இல்லை.

இலைக்கு என்ன வைப்பது என்று தீர்மானித்தது உங்கள் மச்சாள். மாஸ்டரின் அக்கா என்ற ஒரு தகுதி போதாதா? மனோ எந்த நேரமும் கச்சான் சட்டியோடுதானே நின்றவள், அவளுக்கு அதுதான் உயிர் என்று சொன்னாராம். மாஸ்டரும் தலையாட்டினாராம். சட்டியோடு நின்றவள்தான் தின்றவளாம். என்ன மூளையோ.

நான் வெறுங்கையோடு போகவில்லை. உங்களுக்குப் பிடித்த மாதிரி, கறுக்கப் பொரித்து, கடித்தால் நொறுங்குகிற மோர்மிளகாயை ஒரு தகர ரின்னில் போட்டுக்கொண்டு போனேன். நாங்கள் இருவரும் சேர்ந்து காயவைத்த கடைசி மிளகாய் அது. அது உங்கள் இலையில் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் எனக்குத் தேவையில்லை. குசினி வாசலிலேயே மச்சாள் மறித்துவிட்டார்.

"அதை அங்கால வை. படைக்கிற சாமானோட கலக்காத."

ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரியவேண்டிய விஷயமா? என் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டக் கூலியாய் இருந்து இங்கே வந்தவர். நான் பிறந்தது மல்லாவியில். மச்சாள் பிறந்தது யாழ்ப்பாணத்தில், இங்கே வந்தது குளத்தடியில் அரசாங்கக் காணி கிடைத்த பிறகு. ஆனால் வந்தான் வரத்தான் பட்டம் மட்டும் எனக்கு. அவருடைய சுத்தத்தைப் பார்க்கவேண்டுமே, எண்ணெய்த் தாச்சியைத் துடைத்த துணியால்தான் உங்கள் வாழையிலையையும் துடைத்தார்.

மாஸ்டர் இலைக்கு முன்னால் நின்று அழுதார். மனோவுக்கு இதெண்டால் உயிர் என்று அழுதார். அதுக்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"மாஸ்டர், அக்கா கச்சான் வாயில வைக்கமாட்டா. அவாக்குச் சொண்டு தடிக்கும்."

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப மனோவுக்கு என்னதான் விருப்பம்?" என்று கேட்டார். அக்கா, முப்பது வருடத்தில் அந்த மனுசன் முதல்முறையாகக் கேட்டார், அதையும் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்ல முதலே மச்சாள் நேரம் போகிறது என்று சூடத்தைக் கொளுத்திவிட்டார். உங்களுக்குக் கச்சானே படையலானது. ரின்னைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போதுதான் மோர்மிளகாய் என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

அடுத்த நாள் மாஸ்டர் என் படலையடிக்கு வந்தார். அந்த மிளகாயில் கொஞ்சம் ஒரு பையில் போட்டுத் தரச் சொன்னார், கொண்டுபோய்ப் படத்துக்கு வைக்கவாம். கதிரையை இழுத்துப் போட்டேன். அக்கா இங்கே இருந்துதான் சாப்பிட்டவா, நீங்களும் இருந்து சாப்பிடுங்கோ, பிறகு தாறன் என்றேன். கதிரையைப் பார்த்தார். சோற்றுப் பானையைப் பார்த்தார். வெயில் ஏறுது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். கண்ணீருக்குக் குறைவில்லை, ஒரு வாய் சோற்றுக்குத்தான் வழியில்லை.

நீங்கள் மட்டும் என்ன திறமா? உங்களையும் ஒரு கேள்வி கேட்கத்தான் இந்தக் கடிதம். பின்வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் குனிந்து வருவீர்கள். என் குசினியில் சப்பாணி கட்டியிருந்து தயிர்ச்சோறும் மிளகாயும் இரண்டு தரம் வாங்கித் தின்பீர்கள். பிறகு வாயைக் கழுவி, துடைத்து, மணம் போக வெற்றிலையும் போட்டுக்கொண்டு அதே பொட்டுக்குள்ளால் போய்விடுவீர்கள். ராசாத்தி வீட்டில் சாப்பிட்டேன் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், உங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்? நானும் கேட்காமல் போட்டுப் போட்டுத் தந்தேன். எனக்கு என் மேலேயும்தான் வெறுப்பாய் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் நாளுக்கு அங்கே என்ன படைப்பார்களோ, அது அவர்கள் பாடு. நான் இங்கே உங்களுக்கு இலை போடுவேன். குத்தரிசிச் சோறு, கட்டித் தயிர், கறுக்கப் பொரித்த மோர்மிளகாய். குசினிக்குள் இல்லை, முன் முற்றத்தில், றோட்டால் போகிற சனம் முழுக்கப் பார்க்கத்தான் போடுவேன். படலையை அகலத் திறந்து வைப்பேன். அதால் நிமிர்ந்து வாங்கோ. பொட்டுக்குள்ளால் வந்தீர்களோ, அக்கா, உங்களுக்கும் சோறில்லை.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
ராசாத்தி