ஒட்டாத சிவப்பு

மார்ச் 3
இடது கண் சிவந்தது சிவந்தபடியே இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்துதான் தீர்ந்தது. என்னுடையது புருவம் திருத்துகிற வேலை. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு முகத்தோடு முகமாகக் குனிய வேண்டும். பார்லர் முதலாளியம்மா, "கஸ்டமர் பயப்படறாங்கம்மா. பின்னாடி உக்காந்து துண்டு மடி" என்றார். மடிக்கிறேன்.

நியாயந்தான். சிவந்த கண்ணோடு வந்த எத்தனை பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

மார்ச் 5
அக்காவுக்குப் பெண் குழந்தை. போனில் நானே முந்திக்கொண்டு, "கண்வலிக்கா, இப்ப வரல" என்றேன்.

"ஆமாடி, வராத. ஒட்டிக்கும்."

ஒரு பேச்சுக்காவது, தூர நின்னு பாத்துட்டுப் போடின்னு சொன்னா என்ன? அழுதேன். அழுதாலும் யாருக்குத் தெரியும், கண் ஏற்கெனவே சிவப்பு.

மார்ச் 11
வலி. கண்ணுக்குள்ளிருந்து தாடை வரை குடைகிறது.

மார்ச் 12
கண் டாக்டரிடம் போனேன். கண்ணைப் பார்த்துவிட்டு விரலைப் பற்றிக் கேட்கிறார்! "காலைல எழுந்ததும் விரலை மடக்க முடியுதா?" முடியாதுதான். நூல் பிடிக்கிற கை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். ரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 16
ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "இது ஒட்டற நோயே இல்லம்மா. கிருமியை அடிக்க உடம்பு எதிர்ப்பொருள் செய்யும். உங்களுக்கு அது உங்க உடம்பையே எதிரின்னு நெனச்சுக்கிச்சு. கொத்துக் கொத்தா சேந்து கண்ணோட வெள்ளைப் பகுதி ரத்தக்குழாய்ல படியுது, அதான் வீக்கம். விரல் மூட்டுலயும் இதே கதைதான்."

இப்படியே விட்டிருந்தால் பார்வையே போயிருக்குமாம். காவல் நாய் வீட்டுக்காரியைக் கடித்திருக்கிறது. மாத்திரை கொடுத்தார்.

அக்காவிடம் சொன்னேன். "எல்லாம் சரிதான்டி. எதுக்கு வம்பு? முழுசா வெளுக்கட்டும்."

மார்ச் 24
வலி இல்லை. அக்காவிடமிருந்து போனும் இல்லை.

ஏப்ரல் 9
கண் வெளுத்துவிட்டது. முதலாளியம்மா, "வா வா, முன்னாடி வா" என்று கூப்பிட்டார்.

அதைச் சொல்லத்தான் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஏகப்பட்ட சிரிப்புச் சத்தம். "பாப்பாவுக்குப் பேரு வெச்சோம்டி... சும்மா, வீட்டு ஆளுங்க மட்டும்."

வீட்டு ஆளுங்க! அப்ப நான் யாரு? இத்தனை நாள் கண்ணைச் சாக்குச் சொல்லி மனதைச் சமாளித்தேன். இனி எதைச் சொல்ல?

ஏப்ரல் 12
சொல்லாமல் போய் நின்றேன். கதவைத் திறந்த அக்கா முதலில் பார்த்தது என் கண்ணைத்தான். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

குழந்தை அவள் தோளில் இருந்தது. நான் கையை நீட்டினேன். அக்காவின் பிடி கொஞ்சம் இறுகியது. பிறகு குழந்தையை என் கையில் விட்டாள்.