நாலு எண் போதும் என்றவன்

4.1.1989
ஸ்பிரிங்கை பர்னஸில் எத்தனை நிமிடம் வைக்கலாம் என்று சொல்லும் என் கணக்கு மாடல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஜோராக ஓடுகிறது. பர்னஸ் ஓடும் ஷாப்பில் இருக்கும் கிழ மெஷினுக்கு மெமரி 256 கே.பி. தான். ஏற்றியதும் இடமில்லை என்று படுத்துவிட்டது. 31-ஆம் தேதிக்குள் அங்கே ஓடினால்தான் வேலை நிரந்தரம் என்கிறார் மேனேஜர் பாஸ்கரன்.

9.1.89
கண்டுபிடித்தேன். கணக்குப் போட்டு முடித்த பிறகும், ஆயிரத்து எண்ணூறு பழைய அளவீடுகளையும் ஒவ்வொன்றிலும் தன் கணக்கு எவ்வளவு பிசகியது என்பதையும் மாடல் சுமந்துகொண்டிருக்கிறது. கல்யாணம் முடிந்தும் பந்தல் பிரிக்காத வீடு. நிமிடம் சொல்ல நாலு எண் போதும். மற்றதை வெட்டிவிட்டு, இருந்த ஒரே ஃபிளாப்பியில் அதே பெயரில் சேமித்தேன்.

10.1.89
ஓடுகிறது. பாஸ்கரன் தோளில் தட்டினார். கேண்டீன் வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

12.1.89
பர்னஸ் ஆபரேட்டர் கங்கப்பன் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, அதிகம் பேசமாட்டார். இன்று பேசினார்.

"இருவத்தெட்டு நிமிசம்னு காட்டுது. முன்ன பின்ன எத்தினி போவும் சார்?"

அந்தப் பதில் நான் வெட்டி எறிந்ததில் இருந்தது. அதே பெயரில் சேமித்ததால் பழையதும் போச்சு. அறிவுக்கொழுந்தே, இப்ப என்னடா பண்ணப் போற?

13.1.89
பாஸ்கரனிடம் சொன்னேன். ஓடுகிறதல்லவா, விடு என்றார். விட முடியவில்லை.

25.1.89
அளவீடுகள் எல்லாம் கங்கப்பனின் ஷிப்ட் ரிஜிஸ்டரில் இருந்தன. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் தெலுங்கில் எண்களைப் படிக்க, நான் தமிழில் முனகியபடி அடித்தேன். இன்று முடிந்தது. விரல் வீங்கியிருக்கிறது.

27.1.89
பிசகு கிடைத்துவிட்டது. ஒரே ஒரு எண், ஐந்தாவதாகச் சேர்த்தால் மெஷினுக்குப் பாரமே இல்லை. பாரம் எனக்குத்தான் – ஒன்பது நிமிடம் முன்னே பின்னே! இதைக் காட்டினால் பாஸ்கரன் என்ன சொல்வார்? மறைத்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. ஸ்கிரீனில் பெரிதாகவே போட்டேன்.

31.1.89
கடிதம் வந்தது. இவ்வளவு பிசகும் மாடலுக்கு நிரந்தரம் இல்லை, பயிற்சிக்காலம் இன்னும் ஆறு மாதம். அழுகை வந்தது, முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு ஷாப்புக்குப் போனேன்.

கங்கப்பன் இருபதாவது நிமிடத்திலேயே ஒரு ஸ்பிரிங்கை வெளியே எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அப்போதே பதம் வந்துவிட்டிருந்தது. இருபத்தெட்டு வரை விட்டிருந்தால் லோடு முழுக்க வீண்.

"ஒம்பது நிமிசம் இப்படி அப்படி ஆவும்னு அதுவே சொல்லுது சார். அதான் நம்பல."

என் மாடலை ஒருவர் நம்பாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.